டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: வார் காஸ்டரா, ரெசிலியண்ட்டா? (1 விழுந்தால் அவுட் என்பவர்களும் வரலாம்)

அல்சூர்_மாந்திரீகன்:
வார் காஸ்டர், ரெசிலியண்ட் இரண்டும் ஃபீட், அதாவது சில லெவல்களில் எடுக்கும் தனித் திறமை. போன வாரம் இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்: "4ஆம் லெவலில் வார் காஸ்டர் எடுக்காத விசார்டு, ஹெல்மெட் இல்லாமல் பெங்களூர் ஓசூர் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன்." அதற்கு ஏகப்பட்ட கைதட்டல் வேறு. கைதட்டியவர்களில் ஒருத்தராவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

நம் மேஜையில் ஆடுவது 2014 விதிப் புத்தகம். ஸ்பெல்லை (மந்திரத்தை) அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போது அடி வாங்கினால் கான்ஸ்டிடியூஷன் (கான், உடல் உறுதி) சேவ், அதாவது தாக்குப்பிடிக்க இருபது முக டைஸை (டி20) உருட்டிக் கூடுதல் எண்ணைச் சேர்ப்பது. டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அது. கான் 15 உள்ள விசார்டுக்கு +2, அதாவது 65 சதவீதம். வார் காஸ்டர் எடுத்தால் இரண்டு டைஸ் உருட்டி நல்லதை வைத்துக்கொள்ளலாம், கிட்டத்தட்ட 88. ரெசிலியண்ட் எடுத்தால் கான் 16 ஆகும், ப்ரொஃபிஷியன்சியும் (லெவலோடு ஏறும் தேர்ச்சிக் கூடுதல்) சேரும். 4ஆம் லெவலில் 80தான். ஆனால் 9ஆம் லெவலில் 90. 17ஆம் லெவலில் +9 வந்துவிடும், 1 விழுந்தாலும் மொத்தம் 10, பாஸ். சின்ன அடிக்கெல்லாம் ஸ்பெல் அறுந்துபோகவே போகாது. விஷத்துக்கும் கோன் ஆஃப் கோல்டுக்கும் உருட்டும் சேவிலும் அதே கூடுதல் உண்டு. வார் காஸ்டர் அங்கே வேடிக்கைதான் பார்க்கும்.

கோரமங்களா_கோப்ளின்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லித் திட்ட என்ன பயம்? 1 விழுந்தால் அவுட். உன் 17ஆம் லெவல் கணக்கு அங்கேயே காலி.

அல்சூர்_மாந்திரீகன்:
1 விழுந்தால் தானாகத் தோல்வி என்பது அட்டாக் உருட்டலுக்கு. சேவுக்குக் கிடையாது. டெத் சேவில் (சாகும் தறுவாயில் உருட்டுவது) 1 விழுந்தால் இரண்டு தோல்வி, அது தனிக் கதை. புத்தகத்தைத் திறந்து பார், படம் பார்க்க மட்டும் வாங்கவில்லையே?

கோரமங்களா_கோப்ளின்:
1 என்றால் 1. உலகத்தில் எந்த மேஜையிலும் 1 விழுந்தவன் சிரித்ததில்லை.

மேஸ்_மேரி:
நான் க்ளெரிக் (பூசாரி). ஒரு கையில் மேஸ் (கதாயுதம்), ஒரு கையில் கேடயம். வார் காஸ்டர் இருந்தால் இரண்டு கையும் நிறைந்திருக்கும்போது ஸ்பெல்லுக்குச் சைகை காட்ட முடியும். அதைப் பற்றி யாரும் பேசவே இல்லையே?

கோரமங்களா_கோப்ளின்:
மேரி அக்கா, அது அப்புறம். 1 விழுந்தால் அவுட்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பழைய_பதிப்பு_அண்ணாச்சி:
தம்பிகளா, நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் நாங்கள் இதே ஆட்டத்தின் 3.5 பதிப்பை ஆடினோம். 2003 புத்தகம், சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, இன்னும் அட்டை கிழியாமல் வைத்திருக்கிறேன். அதில் சேவிங் த்ரோவில் 1 விழுந்தால் தோல்வி என்று தெளிவாக இருக்கிறது. கோப்ளின் சொல்வது சரி.

அல்சூர்_மாந்திரீகன்:
அண்ணாச்சி, மரியாதையோடு சொல்கிறேன். 3.5இல் கான்சன்ட்ரேஷன் (அடி வாங்கியும் ஸ்பெல்லை விடாமல் இருப்பது) என்பது சேவே இல்லை, ஸ்கில். ஸ்கில் செக்கில் 1 விழுந்தால் தானாகத் தோற்பது உங்கள் பதிப்பிலும் இல்லை. அட்டை கிழியாமல் இருப்பதன் காரணம் இப்போது புரிகிறது.

பழைய_பதிப்பு_அண்ணாச்சி:
நான் சேவைப் பற்றிச் சொன்னால் நீ ஸ்கில்லுக்குத் தாவுகிறாய். இந்த வாய்க்குத்தான் உன்னை யாரும் கேம்பெய்னுக்குக் (தொடர் ஆட்டத்துக்குக்) கூப்பிடுவதில்லை.

ஃபைட்டர்_செல்வம்:
கணக்கெல்லாம் அருமை. போன கேம்பெய்னில் என் ஃபைட்டர் மேல் ஹேஸ்ட் (வேகம் கூட்டும் ஸ்பெல்) போட்டது யார்? ஆட்டத்தில் வந்த எதிரி கோப்ளின் ஒன்று விட்ட ஒரே ஒரு அம்புக்கு அதை அறுத்துக்கொண்டது யார்? ஹேஸ்ட் அறுந்தால் ஒரு முழு டர்ன் நகரவும் முடியாது, அடிக்கவும் முடியாது. ஓக்ரே என்ற ராட்சசனுக்கு முன்னால் அப்படியே நின்றேன். அன்றைக்கு டைஸில் என்ன விழுந்தது, எல்லாருக்கும் சொல்லேன்.

அல்சூர்_மாந்திரீகன்:
சொல்கிறேன். டைஸ் கீழே நிற்கவே இல்லை. முறுக்கு டப்பா மூடியின் விளிம்பில் சாய்ந்து நின்றது. டி20இல் 1க்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று முகம் 7, 13, 19. அன்றைக்கு மேலே தெரிந்தது பாதி 1, பாதி 19. சாய்ந்த டைஸை மறுபடி உருட்டுவதுதான் எங்கும் வழக்கம். எதிரில் உட்கார்ந்திருந்த கோப்ளின் எட்டிப் பார்த்து "1, 1" என்று கத்தினான், டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) மண்டையை ஆட்டிவிட்டார். 19 விழுந்திருந்தால் இன்றைக்கு செல்வம் என்னைச் சாமி என்று கும்பிட்டிருப்பான்.

கோரமங்களா_கோப்ளின்:
பார்த்தீர்களா, அவன் வாயாலேயே வந்துவிட்டது. 1 விழுந்தது, அவுட்.

அல்சூர்_மாந்திரீகன்:
அடேய், அப்போது எனக்கு +2. 1 விழுந்தால் மொத்தம் 3. டிசி 10க்கு 3 எப்படியும் தோல்விதான். அது உன் விதியால் வந்த தோல்வி இல்லை, கூட்டலால் வந்தது.

கோரமங்களா_கோப்ளின்:
எதனால் வந்தால் என்ன, அவுட்தானே? வார் காஸ்டர் எடுத்திருந்தால் இரண்டாவது டைஸ் இருந்திருக்கும்.

ஃபைட்டர்_செல்வம்:
அதுதானே? இவர் அந்த 4ஆம் லெவலில் ஃபீட்டே எடுக்கவில்லை. இன்டெலிஜென்ஸை ஏற்றிக்கொண்டார்.

அல்சூர்_மாந்திரீகன்:
"உன் ஸ்பெல்லுக்கு எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள், டிசியை ஏற்று" என்று வாரக்கணக்கில் நச்சரித்தது யார் செல்வம்? பழைய சாட்டைத் தோண்டட்டுமா?

இந்திராநகர்_பார்டு:
குரு, 2024 புத்தகத்துக்கு மாறுங்கள். அதில் வார் காஸ்டரே இன்டெலிஜென்ஸில் ஒரு புள்ளி ஏற்றிக் கொடுக்கிறது, ஃபீட்டும் கிடைக்கும், டிசியும் ஏறலாம். அப்புறம் ஃபயர்பால் ஸ்பெல் முழுசாக விழுந்தால் அடி சராசரி 28, அதில் பாதி டிசி 14. மாந்திரீகன் சொல்லும் அதே விசார்டுக்கு 9ஆம் லெவலில் இரண்டு ஃபீட்டுமே 70 சதவீதம்தான். எதற்கு இந்த அடிதடி?

கோரமங்களா_கோப்ளின்:
2024இலும் 1 விழுந்தால் அவுட். 2022 ஆகஸ்டில் வந்த சோதனைப் பிரதியில் நானே படித்தேன். எந்த டி20 உருட்டலாக இருந்தாலும் 1 தோல்வி, 20 வெற்றி.

அல்சூர்_மாந்திரீகன்:
இப்போதுதான் நோய் எங்கே என்று தெரிகிறது. அது சோதனைப் பிரதி, கருத்துக் கேட்க விட்டது. அந்த விதியைப் பிற்பாடு தூக்கிவிட்டார்கள். 2024 புத்தகத்தில் சேவுக்கு அது இல்லை. நீ நிராகரித்த பிரதியை மனப்பாடம் செய்துவிட்டு என்னை ஹெல்மெட் போடச் சொல்கிறாய். எல்லாம் பால்டர்ஸ் கேட் 3 ஆடிவிட்டு வந்து டிஎம்முக்குப் பாடம் எடுக்கிற கூட்டம். அங்கே பேச்சுவார்த்தையில் 1 விழுந்தால் தோல்வி, அது கம்ப்யூட்டர் கேம். என் தாத்தா காலத்திலிருந்து அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறோம், எங்களுக்குப் படித்துவிட்டுப் பேசித்தான் பழக்கம். ஆபீஸ் கேப் இறக்கிவிட்ட இடத்தையே ஊர் என்று நினைக்கிறவர்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

கோரமங்களா_கோப்ளின்:
ஊர்ப் பெருமை பேசுகிற அளவுக்குத் தோற்றுவிட்டாயா மச்சி? ஏரிக்கரையிலும் 1 விழுந்தால் அவுட்தான்.

திரைக்குப்_பின்னால்_டிஎம்:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். என் மேஜையில் 1 விழுந்தால் தோல்வி. இது என் வீட்டு விதி, முதல் நாளே சொன்னேன். அன்றைக்கு யாரோ சில்க் போர்டு சிக்னலைக் காரணம் சொல்லி முக்கால் மணி நேரம் லேட்டாக வந்ததால் காதில் விழவில்லை.

கோரமங்களா_கோப்ளின்:
😂😂 டிஎம்மே சொல்லிவிட்டார்.

அல்சூர்_மாந்திரீகன்:
வீட்டு விதி வேறு, புத்தக விதி வேறு. அவர் வீட்டில் செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதும்தான் விதி, அதற்காக விசார்டுக்கு அதை ஃபீட் என்று எழுதிக்கொள்ள முடியுமா? தவிர டிஎம், அல்சூரிலிருந்து உங்கள் வீட்டுக்கு வர சில்க் போர்டே வராது. லேட்டாக வந்தது செல்வம்.

ஃபைட்டர்_செல்வம்:
என்னை ஏன் இழுக்கிறாய்? ஓக்ரேயிடம் செத்ததும் நான், இப்போது பழியும் எனக்கா?

மேஸ்_மேரி:
என் கேடயக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய_பதிப்பு_அண்ணாச்சி:
3.5இல் கேடயத்துக்கும் நல்ல விதி இருந்தது அம்மா.

திரைக்குப்_பின்னால்_டிஎம்:
ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் 8ஆம் லெவல். இதுவரை ஒருத்தரும் கேரக்டர் ஷீட் அனுப்பவில்லை. யார் எந்த ஃபீட் எடுக்கிறீர்கள்?

அல்சூர்_மாந்திரீகன்:
ஷீட் வரும். முதலில் சேவில் 1 விழுந்தால் தோல்வி என்று அச்சடித்த பக்கத்தை கோப்ளின் போட்டோ எடுத்துப் போடட்டும்.

கோரமங்களா_கோப்ளின்:
நீ முதலில் தோல்வி இல்லை என்று அச்சடித்த பக்கத்தைப் போடு.