முடி நிழல் படுத்திய பாடு: உங்க அனுபவம் என்ன?

நிழல்குமார்
ப்ளெண்டர் 3.6 (3டி சாஃப்ட்வேர்), அதுல வேகமா ரெண்டர் பண்ற ஈவி. கல்யாணப் பொண்ணு கேரக்டர், காசு கொடுத்து வாங்கின கார்டு முடி, அதாவது முடிப் படம் ஒட்டின தட்டைப் பட்டைகள். முடி இழை இழையா அழகாத்தான் தெரியுது, நெத்தியில விழுற நிழல் மட்டும் பட்டை பட்டையா. கிளையண்ட் ஸ்கிரீன்ல விரலை வச்சு, "பொண்ணுக்கு எதுக்குங்க விபூதி?"ன்னார். கறுப்பு விபூதி! மெட்டீரியல்ல ப்ளெண்ட் மோட் ஆல்ஃபா ஹேஷ்டு (வெத்து இடம் ஊடுருவித் தெரியும்), அதுக்குக் கீழே ஷேடோ மோட் ஒபேக்லயே கிடந்திருக்கு, அதனால முழுப் பட்டையும் நிழல் போட்டிருக்கு. அதையும் ஹேஷ்டு ஆக்கினதும் போச்சு. அவர் சிரிச்ச சிரிப்புதான் இன்னும் போகல.

பிக்சல்பாண்டி
உங்களுக்கு நெத்தி, எனக்குப் பின்மண்டை. ப்ளெண்டரோட இன்னொரு ரெண்டர் எஞ்சின் சைக்கிள்ஸ்ல பின்னால லைட் வச்சா கொண்டை ஓரம் பளபளக்குது, உள்ளே ஒரே கறுப்பு. லைட்டை ஏத்த ஏத்த ஓரம்தான் வெளுக்குது. பார்த்தா லைட் பாத் செட்டிங்ல டிரான்ஸ்பரன்ட் பவுன்ஸ், அதாவது கதிர் எத்தனை ஊடுருவுற அடுக்கைத் தாண்டலாம்ங்கிற கணக்கு, 8. கொண்டையில கார்டு அதைவிட அதிக அடுக்கு. 8 தாண்டினா கதிர் அங்கேயே நின்னுடும், அந்த இடம் கறுப்பு. 32 வச்சதும் உள்ள இருந்த செம்பட்டை அப்படியே வெளிய வந்துச்சு. முடின்னாலே பவுன்ஸை ஏத்துங்க, வேற எதையும் தொடாதீங்க.

மேஷ்மாமா
வேற எதையும் தொடக்கூடாதா? என்ன தம்பி நீங்க! பவுன்ஸ் ஏறினா ரெண்டர் நேரமும் சேர்ந்து ஏறும். எனக்கு ஒரு தடவை கழுத்துல காரணமே இல்லாம சாம்பல் நிழல் வந்துச்சு, அவ்வளவுதான் என் கதை. முதல்ல ஆல்ஃபா படத்தை, அதாவது எங்கே முடி, எங்கே வெத்துன்னு சொல்ற கறுப்பு வெள்ளைப் படத்தைத் திறந்து பாருங்க. வெத்து இடம் சுத்தக் கறுப்பா இருக்கணும். லேசா சாம்பல் ஒட்டியிருந்தாலும் அடுக்கடுக்கா சேர்ந்து கழுத்துல இறங்கிடும். அந்தப் படத்தோட கலர் ஸ்பேஸ் நான்-கலர்ல (நிறமா எடுக்காம வெறும் எண்ணா எடுக்கிறது) இருக்கான்னும் பாருங்க, இல்லேன்னா முடி நுனி மெலிஞ்சு காணாமப் போயிடும். முகத்துக்குக் கிட்ட ஷாட்னா கார்டை விட்டுட்டு நிஜ இழை போடுங்க. சாதா ஷேடோ மேப் (லைட்டோட பார்வையில எடுத்து நிழலுக்குப் பயன்படுத்துற ஆழப் படம்) ஒரு புள்ளிக்கு ஒரே ஆழம்தான் வச்சுக்கும், அரைகுறை நிழல்லாம் அதுக்குத் தெரியாது. பிக்ஸார்ல லோகோவிக்கும் வீச்சும் 2000-ல பல ஆழத்தையும் வச்சுக்கிற டீப் ஷேடோ மேப் கொண்டு வந்ததே முடி, புகை மாதிரி சமாச்சாரத்துக்குத்தான்.

பிக்சல்பாண்டி
மாமா, விடிஞ்சா டெலிவரி. ஆல்ஃபா படத்தை உட்கார்ந்து யார் கழுவுறது?

ரெண்டர்ராணி
குமார் சொன்ன ஷேடோ மோடை ப்ளெண்டர் 4.2-ல தேடாதீங்க, புது ஈவியில எடுத்துட்டாங்க. மெட்டீரியல்ல டிரான்ஸ்பரன்ட் ஷேடோஸ்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்க. என் தலைவலி வேற: இமை முடி நிழல் கண்ணுக்குள்ள விழுந்து கண்பாப்பாவே தெரியல. யாருக்காவது வந்திருக்கா?