மகளுக்கு 12 வயது, கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கான புது ஊசியை இப்போதே போடலாமா, பொறுத்துப் பார்க்கலாமா?

கரிசல்காட்டு அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். ராஜபாளையம் பக்கம் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, போன மாதம்தான் பெரியவளானாள். காய்ச்சல் என்று குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனபோது ஊசி அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "செர்வாவாக் போட்டுவிடுங்கள், ஒரு டோஸ் 2000 ரூபாய், ஆறு மாதம் கழித்து இன்னொன்று" என்றார். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் சொன்னதும் ஆளுக்கொரு பேச்சு. "நேற்று வயதுக்கு வந்த பிள்ளைக்குக் கர்ப்பப்பையில் ஊசியா, நாளைக்குப் பிள்ளை இல்லாமல் போனால் யார் பதில் சொல்வது" என்கிறார் அத்தை. இவர், இப்போதுதானே வந்திருக்கிறது, நாலைந்து வருடம் மற்றவர்கள் போடட்டும், பார்த்துவிட்டுப் போடலாம் என்கிறார். நாத்தனார் ஒரு ஆடியோ அனுப்பியிருக்கிறாள், ஆந்திராவில் இந்த ஊசி போட்ட பழங்குடிப் பெண் பிள்ளைகள் இறந்துபோனார்களாம், அதை மூடி மறைத்துவிட்டார்களாம்.

நானே வேண்டாம் என்று விட்டிருப்பேன். ஆனால் என் சித்தி இந்த நோயில்தான் 46 வயதில் போனார்கள். கடைசி நாட்களில் அவர்கள் படுத்திருந்த அறையில் எப்போதும் ஊதுபத்தி புகைந்துகொண்டே இருக்கும். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். இப்போது புரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஆந்திரா விஷயம் உண்மையா?

பி.எச்.சி. சிஸ்டர்:

அம்மா, முதலில் உங்கள் அத்தையிடம் சொல்லுங்கள், ஊசி கையில், தோளுக்குக் கீழேதான். கர்ப்பப்பைப் பக்கமே போகாது. பெயரைக் கேட்டுவிட்டு இப்படி நினைத்துப் பயந்த எத்தனையோ பேரை நான் பார்த்துவிட்டேன். குழந்தை பிறப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்லப்போனால் அந்தப் புற்றுநோய் வந்தால்தான் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கும்.

இந்தப் புற்றுநோயை வரவைக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸின் மேல் ஓட்டை மட்டும் ஈஸ்ட்டில் உருவாக்கி எடுத்துத்தான் இந்த ஊசி செய்கிறார்கள். உள்ளே பருப்பில்லாத நிலக்கடலை மாதிரி, முளைக்க எதுவும் இல்லை. உடம்பு அந்த ஓட்டைப் பார்த்து அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும், பிற்பாடு நிஜமான வைரஸ் வந்தால் தடுக்கும். இந்த வைரஸ் பரவுவது தாம்பத்திய உறவில், அதனால்தான் அந்தப் பேச்சே இல்லாத வயதில், 9 முதல் 14க்குள் போடச் சொல்கிறோம். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வைரஸை இந்த ஊசி ஒன்றும் செய்யாது. 15 வயது ஆகிவிட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று டோஸ்.

கை வலிக்கும், சிலருக்கு லேசாகக் காய்ச்சல் வரும். இந்த வயதுப் பிள்ளைகள் எந்த ஊசிக்கும் பயத்தில் மயங்கி விழுவதுண்டு, அதனால் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள், போட்ட பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்கார வையுங்கள். வேறு அலர்ஜி ஏதாவது இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் சித்தியைப் போல வருகிறவர்களை நான் பார்க்கிறேன் அம்மா. போன வருடம் ஒருவர், 48 வயது, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுகிறது என்று பேத்தியின் பள்ளிக்கூடப் பையில் தன் துணியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆறு மாதமாக வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிவைத்தோம், அதற்குள் பரவிவிட்டது.

பழைய பேப்பர்:

ஆந்திரா விஷயத்தை நான் கொஞ்சம் தேடிப் படித்திருக்கிறேன். அந்த ஆடியோவில் பாதி உண்மை, அதனால் பொய் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க மாட்டேன்.

2009ல் அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஹெச்.பி.வி. ஊசி போட்டார்கள். செர்வாவாக் அல்ல, அப்போது அது கிடையாது, வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஊசிகள். ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். விசாரணையில் தண்ணீரில் மூழ்கியது, பாம்பு கடித்தது, பூச்சிமருந்து, மலேரியா என்றெல்லாம் காரணங்கள் வந்தன, ஊசிதான் காரணம் என்று எதிலும் தெரியவில்லை. ஆனால் அதே விசாரணையில் வேறொன்று வெளியே வந்தது. கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு அப்பா அம்மா கையெழுத்து இல்லாமல் வார்டன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெற்றவர்களுக்கு என்ன ஊசி, எதற்கு என்றே தெரியாது. 2010 ஏப்ரலில் அரசு அதை நிறுத்தியது, 2013ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். பிள்ளை காட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளை என்பதால் கேட்காமல் போடலாம் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அந்தக் கோபம் ஊசி மேல் இறங்கிப் பல வருடங்கள் இந்த நாட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசவே தயங்கினார்கள்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதே 2009ல் தனியாக இன்னொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது, இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க. ஒன்பது இடங்களில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. கம்மம் பிரச்சினையில் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதனால் கிட்டத்தட்ட ஐயாயிரம் பிள்ளைகள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். விட்டுவிடாமல் அவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 16, 18 என்ற இரண்டு வகை வைரஸ்கள்தான் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். அவை உடம்பில் தங்கிவிடாமல் ஒரு டோஸே 95 சதவீதம் தடுத்திருந்தது, 2021ல் வெளியிட்டார்கள். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் போதும் என்று சொன்னதற்கு இந்தப் பிள்ளைகளும் ஒரு காரணம். ஒரு எச்சரிக்கை, அது பழைய ஊசியின் கணக்கு, செர்வாவாக்குக்கு டாக்டர் சொன்னபடி இரண்டும் போடுங்கள்.

கணக்கு வாத்தியார்:

நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். இரண்டு பெண் பிள்ளைகளின் அப்பா. செர்வாவாக்குக்கு 2022 ஜூலையில் அனுமதி, 2023 ஜனவரியில் அறிமுகம். புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிப்பது. சுமார் இரண்டாயிரம் பேரிடம் சோதித்து, கார்டசில் என்ற பழைய வெளிநாட்டு ஊசி போட்டவர்களுக்கு நிகராக எதிர்ப்பு சக்தி வருகிறதா என்று ரத்தத்தில் பார்த்தார்கள். புற்றுநோய் வராமல் தடுத்ததா என்று பார்க்கவில்லை. இது என்னை உறுத்தியது, இன்னமும் முழுதாகப் போகவில்லை.

சரி, பொறுக்கலாம் என்றால் எத்தனை வருடம் பொறுப்பது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வைரஸ் வந்து புற்றுநோயாக மாற 15, 20 வருடம் ஆகிறது. நாலைந்து வருடத்தில் தெரியப்போவது ஒன்றுமில்லை, அதற்குள் என் மூத்தவளுக்கு 18 ஆகிவிடும். கார்டசில் 2006லிருந்து உலகம் முழுக்கப் போடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் இதே ரகத்தில் இன்னொரு ஊசியை முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024ல் வந்த செய்தியையும் படித்தேன். தயாரிக்கும் கம்பெனிதான் புதிது, முறை புதிதில்லை. 14 வயது மூத்தவளுக்குப் போட்டுவிட்டேன். சின்னவளுக்கு 9, இன்னும் நேரம் இருக்கிறது, 11 ஆகட்டும் என்று வைத்திருக்கிறேன். சிஸ்டர் திட்டலாம்.

பி.எச்.சி. சிஸ்டர்:

திட்ட மாட்டேன் சார், 11 வந்ததும் மறந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

யாழ் தாய்:

எங்கட நாட்டில் 2017இல் இருந்து பாடசாலையில் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கு இதைப் போடுகினம். என்ர மகளுக்கும் போட்டது. முதல் நாள் இரவு நித்திரையே வரேல்லை எனக்கு. அவள் பின்னேரம் வந்து கை நோகுது எண்டு சொல்லிக்கொண்டே பந்தடிக்கப் போனாள்.

கரிசல்காட்டு அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி இவரையும் அத்தையையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வார்டன் கையெழுத்து என்ற இடத்தில் அத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார், பிறகு ஒன்றும் பேசவில்லை. இவர் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பரீட்சை முடிந்து சனிக்கிழமை போகிறோம். இந்த முறை இருபது பேர் காத்திருந்தாலும் பரவாயில்லை, எந்த ஊசி, எந்தத் தேதியில் தயாரித்தது, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுவிட்டுத்தான் போடுவேன். மகளிடமும் எதற்கு என்று சொன்னேன். சின்னப் பாட்டிக்கு வந்ததுதானே என்று கேட்டாள், அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

சிஸ்டர், சனிக்கிழமை அவளுக்குத் தேதி வந்துவிட்டால் தள்ளிப் போடணுமா?

பி.எச்.சி. சிஸ்டர்:

வேண்டாம், அந்த நாட்களிலும் போடலாம். உங்களுக்கு 30 தாண்டியிருக்குமே, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வி.ஐ.ஏ. டெஸ்ட் இலவசம். கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவிப் பார்ப்பது, ஐந்து நிமிட வேலை. மகளும் ஊசி போட்டிருந்தாலும் 30 வயதுக்குப் பிறகு டெஸ்ட் எடுக்க வேண்டும், இந்த ஊசி தடுக்காத மீதி வைரஸ் வகைகள் இருக்கின்றன. நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.