சிகுங்: 'மூச்சுப்பழக்கம்' எனலாமா?

> சிகுங்குக்கு 'உயிராற்றல் கலை' என்றே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பிராணாயாமம் இருக்கவே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா,

மூச்சும் உடலும் சேர்த்துப் பழகும் சீனப் பயிற்சியான சிகுங்குக்கு இரண்டுமே பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். சீனத்தில் 'சி' என்றால் மூச்சு, காற்று, ஆவி. உயிராற்றல் என்பது அதன் பொருள்களில் ஒன்று. நாம் கவனிக்காமல் விடுவது 'குங்' என்ற பாதியை. நாள்பட உழைத்துக் கைவரப்பெற்ற திறம் அது. குங்ஃபூவில் வருவதும் அதே குங்தான். 'உயிராற்றல் கலை' என்றால் அந்த உழைப்பு காணாமல் போய், ஏதோ மந்திரம் போல ஒலிக்கிறது. பிராணாயாமம் என்றால் கேட்பவர் மனத்தில் சம்மணமிட்டு உட்காரும் காட்சிதான் வரும். சிகுங்கில் பெரும்பகுதி நின்றபடி செய்வது. பாதுவான்ஜின் எட்டு அசைவுகளின் தொடர். ஜான் ஜுவாங் மரம் போல அசையாமல் நிற்பது. இப்படிப் பலவகைப் பழைய பயிற்சிகளுக்கும் பொதுப்பெயராகச் சிகுங் பரவியதே 1950களில்தான். அவர்களுக்கே அண்மைக்காலப் பெயர் என்னும்போது நாம் ஒன்று ஆக்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

மும்பை மாட்டுங்காவில் பிள்ளைகளுக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் தாராவியிலிருந்து வருகிறவர்கள். எதிரில் ஆள் வந்து நின்றதும் புதிய பிள்ளைகள் தம் கட்டிவிடுவார்கள். தோள் மேலேறும், கழுத்து இறுகும், ஒரு நிமிடத்துக்குள் குத்தில் வலு இருக்காது. சடுகுடு ஆடியவர்களுக்கு மட்டும் விஷயம் சீக்கிரம் பிடிபடுகிறது. பாடிக்கொண்டே போவதென்றால் மூச்சை நீளமாக, சீராக விடுவதுதானே! வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணிகிறது, பதற்றம் அடங்குகிறது. அடி விழும் கணத்தில் சட்டென்று மூச்சை விட்டால் அடிவயிறு இறுகி, இடுப்பின் வலு கைக்கு வந்து சேர்கிறது. இதற்காகவே வகுப்பில் முதல் கால் மணி நேரம் நிற்க வைத்து மூச்சு மட்டும்தான். பெற்றோர் சிலருக்கு அது வீண் நேரமாகத் தெரிகிறது. எனக்கு அதுதான் பாடத்தின் அடித்தளம்.

அங்கே நான் சொல்வது, "முதலில் மூச்சு பழகு, அப்புறம் குத்து பழகலாம்." சிலம்பம் பழகுகிறோம், நீச்சல் பழகுகிறோம். ஔவையார் பெயரில் வழங்கும் பாட்டிலும் சித்திரம் கைப்பழக்கம், செந்தமிழ் நாப்பழக்கம். அந்த வரிசையில் மூச்சுப்பழக்கம் இயல்பாக வந்து உட்காருகிறது. குங் என்பதன் முழுப்பொருளும் அதில் இருக்கிறது.

'மூச்சுப்பயிற்சி' போதாதா என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையில் மூச்சை இழுத்து விடச் சொல்வதும் அதே பெயரில் வழங்குகிறது, தனித்துக் காட்டாது. பழக்கம் என்றால் அன்றாட வழக்கம் என்றும் கேட்குமே என்றால், கேட்கட்டும். நாள்தோறும் செய்யாதவருக்குச் சிகுங் வசப்படாது.

சரி, இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே மூச்சின் இருப்பிடமாகச் சீனர்கள் சொல்லும் தான்தியனுக்கு 'உந்தி' எனலாமா? தொல்காப்பியப் பிறப்பியல் 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்றுதான் தொடங்குகிறது. பேச்சொலிக்கான காற்று கொப்பூழிலிருந்து எழுவதாகச் சொல்லும் இடம் அது. பிள்ளைகளிடம் இப்போதைக்கு அடிவயிறு என்கிறேன். உந்தி என்றால் அவர்களுக்குப் புரியுமா, உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.