சாட்டனூகா: உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது தண்டமா?

புதுவரவு:
டாலஸிலிருந்து வேலை மாறி, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் இந்த சாட்டனூகா வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஈஸ்ட் பிரெய்னர்டு பக்கம் வீடு. 2025 சொத்து மறுமதிப்பீட்டுக் கடிதம் வந்ததிலிருந்து ஃபேஸ்புக்கிலும் நம் வாட்ஸப் குழுவிலும் ஒரே கலவரம். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டால், 'டைம்ஸ் ஃப்ரீ பிரஸ் வாங்கிப் படி, எல்லாம் அதில் இருக்கிறது' என்கிறார். மாதச் சந்தாவைப் பார்த்தால் கை வரவில்லை. உள்ளூர்ச் செய்திக்குக் காசு கட்டும் ஆட்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? கட்டியதில் என்ன பயன்?

ரிட்ஜ்கட் நெரிசல்:
கட்டாதீர்கள். சேனல் 3, 9, 12 மூன்றும் இலவசம். சாட்டனூகன் டாட் காம் 1999-லிருந்து இலவசமாகவே செய்தி போடுகிறது. ஐ-24 நெடுஞ்சாலையில் விபத்து என்றால் ஃபேஸ்புக் குழுவில் போலீஸ் வருவதற்கு முன்பே படம் வந்துவிடும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பத்திரிகை என்று பெயர்தான். 2022-லிருந்து தாளாக வீட்டுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளெல்லாம் திரையில்தான். சந்தாதாரர்களுக்கு ஐபேட் கொடுத்து, 'இதில் படித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே வீட்டில் நாலு திரை இருக்கிறது. ஐந்தாவதற்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்?

டென்னசிக் கரை:
புதுவரவு, கட்டுங்கள். உங்களைக் கலவரப்படுத்திய அந்த வரி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்.

'மதிப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது, வரியும் அதே அளவு ஏறும்' என்று வாட்ஸப்பில் சுற்றியது. தவறு. டென்னசியில் குடியிருக்கும் வீட்டுக்குச் சந்தை மதிப்பில் 25 சதவீதம்தான் வரிக்குரிய மதிப்பு. போன மதிப்பீட்டில், அதாவது 2021-ல், உங்கள் வீடு 3 லட்சம் டாலர் என்றால் 75,000 டாலருக்குத்தான் வரி. இப்போது 4 லட்சம் என்றால் 1 லட்சத்துக்கு. ஆனால் மறுமதிப்பீடு நடந்த வருடத்தில் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மொத்த வசூல் அதனாலேயே கூடிவிடக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. அதனால் வரி விகிதத்தைக் கீழே இறக்கித்தான் சான்றளிப்பார்கள். கணக்குக்காக 100 டாலருக்கு 2 டாலர் என்று வையுங்கள். அப்போது வரி 1,500. ஊர் முழுக்க எல்லோர் வீடும் உங்கள் வீட்டைப் போலவே ஏறியிருந்தால் விகிதம் 1.50 ஆகிவிடும். இப்போதும் அதே 1,500-தான். சராசரியை விட உங்கள் வீடு அதிகம் ஏறியிருந்தால்தான் உங்களுக்குக் கூடும்.

இதற்குப் பிறகு ஒரு படி இருக்கிறது. சான்றளித்த விகிதத்துக்கு மேலே போக வேண்டும் என்றால் கவுண்டி கமிஷனோ நகர கவுன்சிலோ முறையாக அறிவித்து வாக்கெடுக்க வேண்டும். நிஜமான வரி உயர்வு அங்கேதான் நடக்கிறது. வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பார்த்துப் பதறியவர்கள் யாரும் அந்த வாக்கெடுப்பு என்றைக்கு என்று கேட்கவில்லை.

ரிட்ஜ்கட் நெரிசல்:
நல்ல விளக்கம், நன்றி. இதே விளக்கம் அரசுத் தளத்திலேயே இருக்கிறது, இலவசமாக. கமிஷன் கூட்டமும் கவுன்சில் கூட்டமும் யூடியூபில் நேரலையாகப் போகிறது. நீங்கள் சொன்னதிலேயே பத்திரிகையின் வேலை எங்கே வந்தது?

டென்னசிக் கரை:
யூடியூபில் போகிறது, சரி. நீங்கள் ஒரு கூட்டமாவது முழுசாகப் பார்த்திருக்கிறீர்களா? கமிஷன் கூடுவது புதன்கிழமை காலை. உங்களுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் ஆபீஸ் மீட்டிங். வழிபாட்டில் தொடங்கி, பாராட்டுத் தீர்மானம் எல்லாம் முடிந்து, சாக்கடைக் குழாய் ஒப்பந்தம் என்ற பெயரில் நாலாவது தீர்மானமாக வரும்போதுதான் விஷயமே வரும். அதுவரை உட்கார்ந்து, பிறகு எழுந்து போய் உறுப்பினரிடம் 'ஏன் மாற்றி வாக்களித்தீர்கள்' என்று கேட்பதற்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சந்தா அதற்குத்தான்.

லுக்அவுட்ஸ் பேஸ்பால் அணிக்கு சவுத் பிராட் பகுதியில் கட்டிய ஸ்டேடியத்தைப் பாருங்கள். 2022-ல் சுமார் 8 கோடி டாலர் என்றார்கள். பிறகு 10 கோடியைத் தாண்டிவிட்டது. கடனை அடைப்பதற்கு, அந்தப் பகுதியில் புதிதாகக் கூடும் சொத்து வரியில் ஒரு பங்கைத் திருப்பிவிடும் ஏற்பாடு. டிவியில் இதற்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும், அதில் பாதி நேரம் கிரேன் ஆடுவதைக் காட்டுவார்கள். ஃபேஸ்புக்கில் பேஸ்பால் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சி. கூடிய செலவை யார் ஏற்பது, பள்ளிகளுக்குப் போக வேண்டிய பங்கு என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்ப்பதற்கு வேறு ஆள் வேண்டும்.

ஊல்டவா அப்பா:
இரண்டு பேருக்கும் நடுவில் நுழைகிறேன். இந்த ஊருக்கு வந்து பையன் காலேஜ் முடிக்கும் அளவுக்குக் காலம் ஆகிவிட்டது. பத்திரிகை வீட்டு வாசலில் வந்து விழுந்த காலத்தில் சந்தா வைத்திருந்தேன். இப்போது இல்லை.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பத்திரிகைக்கு ஒரு வினோதம் உண்டு. சாட்டனூகா டைம்ஸ், ஃப்ரீ பிரஸ் இரண்டும் தனித்தனி, கொள்கையில் எதிரெதிர். 1999-ல் ஒன்றாக்கினார்கள். செய்திப் பக்கம் ஒன்றானது, தலையங்கப் பக்கம் ஒன்றாகவில்லை. இடது பக்கம் டைம்ஸ் தலையங்கம், தாராளவாதம். வலது பக்கம் ஃப்ரீ பிரஸ் தலையங்கம், பழமைவாதம். ஒரே நாளில் ஒரே விஷயத்துக்கு இடது பக்கம் ஆமாம் என்றும் வலது பக்கம் இல்லை என்றும் சொல்லும். புலிட்சர் என்ற பெரிய பத்திரிகை விருது வாங்கிய க்ளே பென்னட்டின் கார்ட்டூன் பல வருடம் அந்த இடது பக்கத்தில் வந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் வலது பக்கம் மட்டும் படிப்பார், ஆனால் கார்ட்டூனைப் பார்த்துத் திட்டுவதற்காகவே இடது பக்கம் பார்ப்பார். தாளில் இரண்டும் கண்ணில் பட்டே தீரும். ஐபேடில் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடலாம்.

டைம்ஸின் பழைய கதையும் தெரிந்திருக்கும். அடால்ஃப் ஆக்ஸ் 1878-ல் இருபது வயதில் கடன் வாங்கி அதைப் பிடித்தார். இங்கே சம்பாதித்த பெயரை வைத்துத்தான் 1896-ல் நியூயார்க் டைம்ஸை வாங்கினார். அப்படிப்பட்ட ஊரில் வாரத்தில் ஆறு நாள் தாளே இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான். டென்னசிக் கரை சார் சொல்வது போல நிருபர்களுக்குச் சம்பளம் வேண்டும்தான். அவர்களைக் குறைத்துக்கொண்டே வந்துவிட்டு என்னிடம் முழுச் சந்தா கேட்டால் எப்படி?

இன்னொன்று. ஊல்டவாவில் நான் இருக்கும் இடம் நகர எல்லைக்கு வெளியே. மாநகர வரி எனக்குக் கிடையாது, கவுண்டி வரி மட்டும்தான். கவுன்சில் சண்டை எனக்குப் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி, கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

டென்னசிக் கரை:
அண்ணா, தாள் அச்சடித்து வேனில் ஏற்றி வீடு வீடாகப் போடும் செலவை மிச்சம் பிடித்து நிருபர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் ஐபேட் திட்டத்தையே கொண்டுவந்தார்கள். அர்கன்சாவில் இதே குழுமத்தின் பத்திரிகையில் முதலில் செய்து பார்த்துவிட்டு இங்கே வந்தது. பலித்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் வேனை நிறுத்தியதையும் நிருபரை நிறுத்தியதையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

ரிட்ஜ்கட் நெரிசல்:
வேன் போனது, நிருபரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறார். அப்பா சொல்வதுதான் நடைமுறை.

2020 ஈஸ்டர் இரவு ஞாபகம் இருக்கிறதா? ஈஸ்ட் பிரெய்னர்டை ஈ.எஃப் 3 அளவுக் கடுமையான சூறாவளி பிய்த்துப் போட்டது, இரவு பதினொரு மணிக்கு மேல். எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே குழந்தைகளைத் திணித்து வைத்துக்கொண்டு போனில் டிவி வானிலைக்காரர் தெருத் தெருவாகப் பெயர் சொல்லிக்கொண்டு போனதைத்தான் கேட்டோம். மறுநாள் மரம் வெட்ட ஆள், தார்ப்பாய், ஜெனரேட்டர் எல்லாம் ஃபேஸ்புக் குழுவில் கிடைத்தது. உயிர் போகும் நேரத்தில் உதவியது இலவசச் செய்திதான். இதைப் பார்த்தவனிடம் வந்து சந்தா கேட்டால் என்ன சொல்வேன்?

டென்னசிக் கரை:
அந்த இரவுக்கு டிவிதான், மறுக்கவே மாட்டேன். புயல் எங்கே என்று சொல்ல டிவி வேண்டும். ஒரு தவறு வருடக்கணக்காக எங்கே ஒளிந்திருந்தது என்று தோண்ட வேறு ஆள் வேண்டும். 2016 நவம்பரில் வுட்மோர் தொடக்கப் பள்ளிப் பேருந்து கவிழ்ந்து ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஓட்டுநர் ஓட்டும் விதத்தைப் பற்றி முன்பே பள்ளியிலிருந்து புகார் போயிருந்தது, பிறகுதான் மின்னஞ்சல்களாக வெளியே வந்தது. கேட்டு வாங்க ஆள் இருந்ததால் வந்தது.

2014-ல் புலிட்சர் இறுதிச் சுற்று வரை போனது இந்தப் பத்திரிகையின் ஒரு தொடர். துப்பாக்கிச் சூட்டைக் கண்ணால் பார்த்தவர்களே வாய் திறக்க மறுப்பதால் கொலை வழக்குகள் எப்படித் தேங்கிப் போகின்றன என்பதைப் பற்றியது. ஒன்றரை நிமிடத்தில் சொல்லும் விஷயமா அது?

நெய்ப்பொடி தோசை:
நீங்கள் எல்லோரும் ஸ்டேடியம், புலிட்சர் என்று பேசுகிறீர்கள். நான் சந்தா கட்டுவது பள்ளிச் செய்திக்காக. பள்ளி எல்லை மாற்றம், எந்தக் கட்டடத்தை மூடுவது, எதைச் சேர்ப்பது என்று பள்ளி வாரியத்தில் பேச்சு எழுந்தால், முடிவாகி கடிதம் வரும்போது நமக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. பேச்சாக இருக்கும்போதே தெரிந்தால்தான் போய் இரண்டு வார்த்தை பேசலாம். நம் ஆட்கள் அந்தப் பொதுக் கருத்து நேரத்தில் எழுந்து பேசி நான் பார்த்ததே இல்லை. நாஷ்வில் கணேசர் கோவிலுக்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுகிறோம், பத்து நிமிடத்தில் இருக்கும் பள்ளி வாரியத்துக்குப் போவதில்லை.

நல்ல செய்தியும் உண்டு, ரிட்ஜ்கட் அண்ணா. 2020-ல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் சுமார் 28,000 பேருக்கு ஊரின் மின்சார, இணைய நிறுவனமான ஈ.பி.பி மூலம் வீட்டில் இலவச இணையம் என்று அறிவித்தார்கள். என் மகள் வகுப்பிலேயே தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குத் தெரியவே இல்லை. நான் படித்துவிட்டுப் போய்ச் சொன்னேன்.

அப்புறம், உணவகச் சுகாதார மதிப்பெண். அது தெரியாமல் நான் வெளியே சாப்பிடுவதில்லை.

ரிட்ஜ்கட் நெரிசல்:
மதிப்பெண் உணவகச் சுவரிலேயே ஒட்டியிருக்கும் மேடம்.

நெய்ப்பொடி தோசை:
சுவரில் பார்ப்பதற்குள் மூன்று குழந்தைகளும் ஆர்டர் கொடுத்துவிடும்.

ஊல்டவா அப்பா:
பள்ளி விஷயத்தில் தோசை சொல்வது சரி. கவுண்டி கமிஷன்தான் பள்ளிக்குப் பணம் ஒதுக்குகிறது, அது எனக்கும் பொருந்தும். ஆனால் நாலு பேர் மாதாமாதம் கட்டுவதை விட, கமிஷனைப் பார்ப்பதற்கென்றே ஒரு நிருபரை வைத்தால் அதற்கு நன்கொடை கொடுக்க நான் தயார். பொதுவாகச் சந்தா கேட்டு, அதில் ஊர் செய்தி எவ்வளவு, வெளியூர் ஏஜென்சி செய்தி எவ்வளவு என்று சொல்லாமல் இருந்தால் தயாரில்லை.

டென்னசிக் கரை:
அதை ஆசிரியருக்குக் கடிதமாக எழுதுங்கள் அண்ணா. போடுவார்கள். எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாது.

புதுவரவு:
எல்லோருக்கும் நன்றி. வரிக் கணக்கு இப்போதுதான் புரிந்தது. கரை சார், ஸ்டேடியம் செலவு பற்றிச் சொன்னீர்களே, அந்தக் கட்டுரையின் இணைப்பைப் போட முடியுமா?

டென்னசிக் கரை:
போடலாம், ஆனால் சந்தா இல்லாமல் திறக்காது.

ரிட்ஜ்கட் நெரிசல்:
ஒப்பந்தத்தைப் புரட்டியவருக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று, படிக்க வேண்டியவன் வெளியே நிற்கிறான். வரி கட்டுபவர் எல்லோருக்கும் வேண்டிய செய்தி என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதைப் பூட்டி வைத்தால் வாட்ஸப்காரன் சொல்வதுதான் ஊரெல்லாம் போகும். இதற்குப் பதில் சொல்லுங்கள், நான் நாளைக்கே கட்டுகிறேன்.

டென்னசிக் கரை:
திறந்து வைத்தால் நீங்கள் கட்டுவீர்களா?

ரிட்ஜ்கட் நெரிசல்:
மாட்டேன்.

நெய்ப்பொடி தோசை:
போதும், நிறுத்துங்கள் இரண்டு பேரும். புதுவரவு, ஞாயிற்றுக்கிழமைத் தாள் எங்கள் வீட்டுக்கு வருகிறது, திங்கட்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நாங்களும் ஈஸ்ட் பிரெய்னர்டுதான், தனிச்செய்தியில் விலாசம் அனுப்புகிறேன். கூப்பன் பக்கம் மட்டும் இருக்காது, அதை நான் கத்தரித்துவிடுவேன்.