நியூசிலாந்து தென்தீவு, ஆறு பேர், வாடகைக் கார்: நானே ஓட்டலாமா?

திருநகர்க்காரன்:

வணக்கம். ஏப்ரல் கடைசி வாரம் குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறோம். நான், மனைவி, அப்பா (71), அம்மா (66), மகள் (9), மகன் (5). கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி டெகாப்போ, மவுண்ட் குக், வானகா, குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட் என்று எட்டு இரவுகள். திரும்பும் விமானம் குயின்ஸ்டவுனிலிருந்து.

மதுரையில் பதினான்கு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன், வெளிநாட்டில் ஓட்டியதில்லை. ஏழு இருக்கை எஸ்யுவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்கு முழுக் காப்பீடு சேர்த்தால் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அது உண்மையிலேயே தேவையா? மில்ஃபோர்டை குயின்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று நினைத்திருக்கிறேன். சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டுமா? அப்பா மட்டும் "ஓட்டுநரோடு வண்டி எடு, இல்லையென்றால் நான் வரவில்லை" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாம்பலம் வாசி:

உங்கள் அப்பா சொல்வதைக் கேளுங்கள். நாங்கள் சுற்றுலாப் பஸ்ஸில்தான் போனோம். கண்ணாடி வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். ஓட்டியிருந்தால் இரண்டும் முடிந்திருக்காது.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்:

தம்பி, அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 27 ஆண்டுகள் பஸ் ஓட்டியவன் நான். அதில் ஒன்பது ஆண்டுகள் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் தடம். மகள் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறாள். போன ஆண்டு மே மாதம் நானும் மருமகனும் மாற்றி மாற்றி ஓட்டி, நீங்கள் எழுதியிருக்கும் இதே வழியில் பதினொரு நாள் சுற்றினோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அங்கேயும் சாலையில் இடது பக்கம்தான், ஸ்டியரிங் வலது பக்கம்தான். எல்லோரும் இதை வசதி என்பார்கள். நான் ஆபத்து என்பேன். வலது பக்கம் ஓட்டும் நாடாக இருந்தால் பயந்து பயந்து ஓட்டுவோம். இங்கே நம் ஊர் மாதிரியே இருக்கிறதே என்று அரை மணி நேரத்தில் ஊர்ப் பழக்கமெல்லாம் கைக்கும் காலுக்கும் வந்துவிடும். எனக்கு முதல் நாளே வந்தது. ஒற்றை வழிப் பாலம் ஒன்று. எதிரே ஒரு கார் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. நாம்தான் முதலில் வந்தோம் என்று லைட்டை ஒரு முறை அடித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த அம்மாள் பாலத்தின் அந்தப் பக்கம் நின்று, நான் கடக்கும்போது கையை ஆட்டினாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன். மருமகன்தான் விளக்கினார். அங்கே முதலில் வந்தவர், பெரிய வண்டி, மலையேறும் வண்டி என்ற கணக்கெல்லாம் இல்லை, பலகை வைத்ததே சட்டம். சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் பக்கத்து அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரியதாக இருந்தால் வழி உங்களுக்கு, அப்போதும் பார்த்துத்தான் போக வேண்டும். ரவுண்டானாவில் வலது கையிலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். இந்த இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே 100 கிலோமீட்டர் வேகம் என்று போட்டிருக்கும். அது உச்ச வரம்புதான், அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்பதில்லை. மெதுவாகப் போகலாம், ஆனால் பின்னால் நான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டால் இடம் பார்த்து ஒதுங்கி அவர்களை விட்டுவிடுங்கள். பார்க்க மோசமாக ஓட்டினால், பின்னால் வருபவர் நட்சத்திரக் குறி போட்டு 555 என்று போலீசுக்குப் போன் செய்துவிடுவார். ஹாரனை மறந்துவிடுங்கள். பதினொரு நாளில் நான் ஒரே ஒரு முறை அடித்தேன், அதுவும் ஓர் ஆட்டுக்கு. அதற்கே மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது.

இப்போது வண்டி. ஏழு இருக்கையை நம்பி ஏமாறாதீர்கள். ஆறு பேர் என்றால் மூன்றாவது வரிசையைத் தூக்கி வைக்க வேண்டும். தூக்கினால் எஸ்யுவியில் பின்னால் இரண்டு கைப்பைக்குத்தான் இடம் இருக்கும். "அல்லது அதைப் போன்ற வேறு வண்டி" என்று பதிவில் சிறிய எழுத்தில் இருக்குமே, அதை வைத்து எங்களுக்கும் ஒரு எஸ்யுவியைத்தான் கொடுத்தார்கள். என் மனைவி குக்கரை மடியில் வைத்துக்கொண்டே டெகாப்போ வரை வந்தாள், மூன்று மணி நேரம். கியா கார்னிவல் போன்ற வேன் வகையைக் கேளுங்கள், அதில் கடைசி வரிசைக்குப் பின்னால் ஆழமான குழி இருக்கிறது, பெட்டிகள் நிற்கும்.

காப்பீட்டுக்கு வருகிறேன். வாடகையோடு ஒரு காப்பீடு எப்போதும் வரும். ஆனால் சேதம் ஏற்பட்டால் முதல் சில ஆயிரம் டாலர் நம் பையிலிருந்து போகும், அதைத்தான் எக்ஸஸ் என்கிறார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் 4,000 டாலர். கூடுதல் பணம் கட்டி அதைப் பூஜ்யமாக்கலாம். மருமகன் கட்டினார். 27 ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டியவன் பக்கத்தில் நிற்கும்போது எதற்கு இந்தத் தண்டச் செலவு என்று கவுண்டரிலேயே அவரோடு வாக்குவாதம் செய்தேன். மூன்றாம் நாள் புகாக்கி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி என் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அடித்த காற்று கதவைக் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிட்டது. கீல் வளைந்து கதவு மூடவே இல்லை. ஓடாமல் நின்ற வண்டி! பழுது பார்த்த பில் 2,300 டாலருக்கு வந்ததாகப் பின்னால் தெரிந்தது. எங்களிடம் ஒரு காசு வாங்கவில்லை. மருமகன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டயரும் கண்ணாடியும் அதில் அடங்குமா, எந்த மண் சாலைகளில் போகக் கூடாது என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் வண்டியைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தி, கதவை இரண்டு கையால் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள், குழந்தைகளைத் திறக்க விடாதீர்கள்.

மில்ஃபோர்டை ஒரே நாளில் செய்ய வேண்டாம். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும். நடுவில் மலை நிற்பதால் தே அனாவ் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். படகுச் சவாரியையும் சேர்த்து, ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் மாதத்தில், ஒரே ஓட்டுநர் 580 கிலோமீட்டர்! எங்கள் டெப்போவில் இப்படி ஒரு டூட்டி போட்டிருந்தால் கொடி பிடித்திருப்போம். தே அனாவில் ஓர் இரவு தங்குங்கள். அங்கேயே டாங்கை நிரப்புங்கள். அதன் பிறகு செல்போன் சிக்னலும் அநேகமாக இருக்காது. ஹோமர் சுரங்கம் 1.2 கிலோமீட்டர்தான், ஆனால் உள்ளே போனதும் மில்ஃபோர்ட் பக்கமாகச் செங்குத்தாக இறங்கும். ஆட்டோமேடிக் வண்டியானாலும் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், பிரேக்கிலேயே கால் வைக்க வேண்டாம். சுரங்க வாயிலில் கியா என்று ஒரு கிளி இருக்கிறது (காரின் பெயர் இல்லை). வண்டியின் ரப்பர் பட்டையைக் கொத்தித் தின்னும். அழகாக இருக்கிறது என்று தீனி போடாதீர்கள்.

அப்பாவுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மகன் ஓட்டலாம், ஆனால் விமானத்திலிருந்து இறங்கிய அன்று ஓட்டக் கூடாது. ஓர் இரவு தூங்கிய பிறகுதான் சாவியை வாங்க வேண்டும்.

டுனெடின் மருமகள்:

ஐயா சொன்னதெல்லாம் சரி. உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் சர்வதேச உரிமம் கட்டாயமில்லை. தமிழ்நாட்டு உரிமம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் அசல் அட்டை கையில் இருக்க வேண்டும், செல்போனில் காட்டுவதை நம்பி வராதீர்கள். உங்கள் மனைவியும் ஓட்டுவார் என்றால் அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஏழு வயது முடியும் வரை குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், ஆகவே மகனுக்கு வேண்டும். ஊரிலிருந்து தூக்கி வராதீர்கள், இங்கே ஏற்கும் தரக்குறி அதில் இல்லாமல் போகலாம். வாடகையோடு கேட்டு வாங்குங்கள். முன்பணம் பிடித்து வைக்க ஓட்டுநர் பெயரில் கிரெடிட் கார்டு கேட்பார்கள். அதில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். டீசல் வண்டி என்றால் ஓடிய தூரத்துக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் தனியாக வருமா என்றும் கேளுங்கள். ஏப்ரல் 25 அன்சாக் நாள் (போர்வீரர் நினைவு விடுமுறை), மதியம் ஒரு மணி வரை பெரும்பாலான கடைகள் திறக்காது. மேயில் மில்ஃபோர்ட் சாலைக்கு, பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலி எடுத்துப் போகச் சொல்லக்கூடும், அதையும் வண்டி எடுக்கும்போதே விசாரியுங்கள்.

விமான நிலையத்தில் உணவு எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் 400 டாலர் அபராதம்.

திருநகர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வேன் வகைக்கு மாற்றிவிட்டேன், எக்ஸஸ் பூஜ்யம், தே அனாவில் ஓர் இரவு. ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கொடைக்கானல் தடத்தில் ஓட்டியவரா? அப்படியென்றால் சரி" என்று சொல்லிவிட்டார். கடைசியாக ஒன்று: அம்மாவுக்கு மலைப்பாதையில் குமட்டும். எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டுதான் கொடைக்கானலுக்கே வருவார்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்:

பழத்தை விமானத்தில் கொண்டுபோக வேண்டாம், தம்பி. அந்த மருமகள் சொன்ன 400 டாலர் நினைவிருக்கட்டும். அங்கே இறங்கி வாங்கிக்கொள்ளுங்கள். வானகாவிலிருந்து குயின்ஸ்டவுனுக்கு கிரவுன் ரேஞ்ச் வழியாகப் போனால் இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அன்றைக்கு அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். அல்லது குரோம்வெல் சுற்றிப் போங்கள், தூரம் கொஞ்சம் கூடுதல், வளைவு குறைவு.

நானும் கிறைஸ்ட்சர்ச்சில் எலுமிச்சை வாங்கினேன், வேறு காரியத்துக்கு. வண்டியை எடுத்த அன்று நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று வைத்தேன். வாடகை வண்டிக்குக் கூடவா என்று மருமகன் சுற்றும் முற்றும் பார்த்தார். ஏற்றி இறக்கிய பிறகு நசுங்கியதையெல்லாம் அவரே பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.