ராஜ்யசபா சேர்மனுக்கு ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டு இருக்கா இல்லையா?

கேள்வி – தென்காசி பையன்:
குரூப் 1க்கு பாலிட்டி படிச்சிட்டு இருக்கேன், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். லோக்சபா சபாநாயகர் ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டு போடுறார், அப்ப ராஜ்யசபாவ நடத்துற துணை ஜனாதிபதிக்கும் ஓட்டு இருக்கணும்ல? எங்க வாட்ஸ்அப் குரூப்ல பாதி பேர் இருக்குங்கிறாங்க, மீதி பேர் டை ஆனா மட்டும் உண்டுங்கிறாங்க. தெரிஞ்சவங்க தெளிவா சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் – தேன்மொழி:
தம்பி, டை ஆனாலும் கிடையாது. யாரு சபைய நடத்துறாங்கன்னு பாக்காதீங்க, அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.யா, அதை மட்டும் பாருங்க. அரசியலமைப்போட 54வது பிரிவு அவ்ளோதான் கேக்குது. சபாநாயகர் ஒரு தொகுதில ஜெயிச்சு வந்தவர், ஓட்டு உண்டு. துணை ஜனாதிபதி எந்த சபையிலயும் உறுப்பினரா இருக்கவே கூடாதுன்னு 66வது பிரிவு சொல்லுது. வெங்கையா நாயுடு ராஜஸ்தான்லேருந்து ராஜ்யசபா எம்.பி.யா இருந்தவர், 2017ல துணை ஜனாதிபதி ஆனதும் அந்த சீட் காலியாயிடுச்சு, அதனால 2022ல திரௌபதி முர்மு ஜெயிச்ச தேர்தல்ல சேர்மனா இருந்தும் அவருக்கு ஓட்டு இல்ல. உங்க குரூப்ல டைன்னு சொல்றவங்க 100வது பிரிவ நினைச்சு சொல்றாங்க, அது சபைக்குள்ள மசோதா, தீர்மானம் சமமா நின்னா போடுற காஸ்டிங் ஓட்டு, அதுக்கும் இந்த தேர்தலுக்கும் சம்பந்தமே இல்ல.

பதில் – பழைய வாத்தியார்:
மேல சொன்னது சரி. ஆனா ராஜ்யசபா துணைத்தலைவர (டெபுடி சேர்மன்) இதோட போட்டு குழப்பிக்காதீங்க, பரீட்சைல நிறைய பேர் அங்கதான் மார்க்க விடுறாங்க. 2025 ஜூலை 21ல துணை ஜனாதிபதியா இருந்த தன்கர் ராஜினாமா பண்ணப்புறம் சேர்மன் வேலைய துணைத்தலைவர் ஹரிவன்ஷ்தான் பாத்தார், ஆனா அவர் அப்ப பீகார்லேருந்து தேர்வான எம்.பி.யா இருந்தார், அதனால செப்டம்பர் 9ல நம்ம திருப்பூர்க்காரர் சி.பி. ராதாகிருஷ்ணன் ஜெயிச்ச துணை ஜனாதிபதி தேர்தல்ல அவருக்கு ஓட்டுரிமை இருந்துச்சு. அப்ப ஜனாதிபதி தேர்தல் வந்திருந்தாலும் இருந்திருக்கும். நியமன எம்.பி. 12 பேருக்கு மட்டும் ஜனாதிபதிக்கு போட முடியாது, துணை ஜனாதிபதிக்கு போடலாம், இளையராஜாவும் அந்த லிஸ்ட்ல வர்றவர்தான். அதனால ஒரு நியமன உறுப்பினர் துணைத்தலைவரா வந்தா என்னன்னு கேட்டா விடைய நீங்களே சொல்லிடலாம்.

தென்காசி பையன்:
ரொம்ப நன்றி சார், நன்றிக்கா. அப்ப கர்நாடகா மாதிரி மேலவை இருக்கிற ஸ்டேட்ல, அந்த மேலவை தலைவர் எம்.எல்.சி. (மேலவை உறுப்பினர்) தானே, அவருக்கு ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டு உண்டா?

தேன்மொழி:
அவருக்கும் இல்ல, எந்த எம்.எல்.சி.க்கும் இல்ல. எனக்கு இது நியாயம்னுதான் படுது. மேலவை ஆறு ஸ்டேட்லதான் இருக்கு, நம்மளுது 1986லயே போயிடுச்சு. 1971 ஜனத்தொகைய வச்சு நம்ம எம்.எல்.ஏ. ஒருத்தர் ஓட்டுக்கு மதிப்பு 176, உ.பி.ல 208. ஸ்டேட்டோட ஜனத்தொகைக்கு உண்டான மதிப்பு முழுசா எம்.எல்.ஏ.க்கள் கையில வந்துடுது, இதுக்கு மேல எம்.எல்.சி.க்கும் தனியா குடுத்தா மேலவை இல்லாத ஸ்டேட்டுக்குத்தான் நஷ்டம்.