கிளிங்கர் – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

தேவிபட்டினத்திலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளித் தோட்டத்தில் வெகுநாளாகக் கவிழ்ந்து கிடந்த துடுப்புப் படகைச் சரிசெய்கிறோம். நம்மூர் நாட்டுப்படகான வத்தை இல்லை. வத்தையில் பலகைகள் விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கும். இதில் கீழ்ப்பலகை மேல் அடுத்த பலகை ஒரு விரல்கடை ஏறியிருக்கிறது. ஆணி எல்லாம் செம்பு, பச்சையாகக் களிம்பு பூத்திருக்கிறது. உள்பக்கம் ஒவ்வோர் ஆணி முனையிலும் சின்னச் செம்பு வில்லை வைத்துத் தட்டியிருக்கிறார்கள். இது வட ஐரோப்பாவின் பழைய கட்டுமுறை, கிளிங்கர் என்பார்கள். நீராவிக் கப்பல்களில் தொங்கிய உயிர்காப்புப் படகுகள் பலவும் இப்படித்தான். அப்படி வந்து ஒதுங்கியதாக இருக்கலாம். அறிவிப்புப் பலகை எழுத வெள்ளிக்கிழமை பெயிண்டர் வருகிறார். ஒரு சொல் கொடுங்கள்.

மதுரையிலிருந்து:
இதற்கு ஏன் தயக்கம் அம்மா? கூரை ஓடு போல அடுக்கியிருப்பதால் ‘ஓட்டடுக்கு’. நெடில்தொடர்க் குற்றியலுகரத்தில் டகரம் இரட்டும். ஆட்டுக்கால், வீட்டுவேலி மாதிரி. நன்னூல் பிழை சொல்லாது.

கீழக்கரையிலிருந்து:
நன்னூல் சொல்லாது ஐயா, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்வார்கள். ‘ஓட்டு அடுக்கு’ என்று பிரித்து, எந்தத் தேர்தல் என்று கேட்பார்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்குச் ‘செதிலடுக்கு’ போதும்.

பாம்பனிலிருந்து:
செதில் தலையிலிருந்து வாலுக்கு ஏறும். இங்கே பலகை மேலும் கீழுமாக ஏறுகிறது. மீனைப் பார்த்திருக்கிறீர்களா அண்ணே? பேசாமல் கிளிங்கர் என்றே எழுதுங்கள். ‘கி’ மொழிமுதலில் வரும், ‘ர்’ ஈற்றில் வரும், தொல்காப்பியரே விட்டுவிடுவார். அது கிடக்கட்டும், டீச்சர், கலப்பத்து பார்த்தாச்சா? வெயிலில் காய்ந்த பலகை வாய் பிளந்திருக்குமே.

மதுரையிலிருந்து:
கலப்பத்து அல்ல, கலப்பற்று. கலம் + பற்று. பலகை இடுக்கில் நாரை அடைத்துக் குங்கிலியம் பூசிக் கலத்தைப் பற்றச் செய்வது. மணிமேகலையிலேயே ‘கலஞ்செய் கம்மியர்’ வருகிறார்கள். நமக்கு இல்லாத சொல்லா?

கீழக்கரையிலிருந்து:
கம்மியர் வருகிறார்கள், கலப்பற்று வரவில்லையே ஐயா. அது போர்ச்சுகீசியக் ‘கலஃபாத்’. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டிப் பாருங்கள். வந்த சொல்லுக்குத் தமிழ்ச் சட்டை தைத்துப் போட்டிருக்கிறோம். தைத்தவர் கெட்டிக்காரர்: கலப்பு + அற்று என்று பிரித்தால் ‘கலப்பே இல்லாமல்’!

மதுரையிலிருந்து:
கேலி வேண்டாம். அகராதி சொன்னதெல்லாம் வேதமா? கலம், கலன், கலயம் மூன்றையும் வைத்துத் தனியாக எழுதுகிறேன்.

தேவிபட்டினத்திலிருந்து:
ஐயா, அதை அடுத்த வாரம் எழுதுங்கள். இன்று படகு கட்டுகிற ஓர் ஓடாவி தாத்தாவைக் கூட்டிவந்து காட்டினேன். படகைச் சுற்றிவந்து, பலகை ஏறுகிற இடத்தில் நகத்தை விட்டு இழுத்துப் பார்த்தார். “இதுக்குக் கலப்பத்து கூடாது டீச்சர். பஞ்சைத் திணிச்சா, பலகை ஊறும்போது விரிச்சு ஆணியைப் பிடுங்கிரும். ஈரச் சாக்கைப் போட்டு நனைச்சுக்கிட்டே இருங்க, தானா மூடிக்கும்” என்றார். இந்த மாதிரிப் படகுக்கு என்ன பேர் என்றேன். “பலகை மேல பலகை ஏத்தியிருக்கான். ஏத்துப் பலகை.” இப்படி ஒரு படகை முன்னே பார்த்திருக்கிறாரா, கேட்டதும் அந்த நிமிடம் வைத்த பேரா, தெரியவில்லை.

கீழக்கரையிலிருந்து:
‘ஏற்றுப்பலகை’. நல்லாத்தான் இருக்கிறது. செதிலை விட்டுவிடுகிறேன்.

பாம்பனிலிருந்து:
எங்கள் துறையில் அப்படிச் சொன்னால், படகில் சரக்கு ஏற்றப் போடுகிற பலகை என்றுதான் நினைப்பார்கள். சரி, எழுதுங்கள். அடியில் கிளிங்கரும் இருக்கட்டும்.

தேவிபட்டினத்திலிருந்து:
மூன்று பேர் சரி என்றாகிவிட்டது. ‘ஏற்றுப்பலகைப் படகு’, அடியில் சின்ன எழுத்தில் கிளிங்கர். படகு மேல் சாக்கு போட்டாயிற்று. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றப் பிள்ளைகளுக்குள் சண்டை.

மதுரையிலிருந்து:
‘பலகைப் படகு’. பெயிண்டர் அந்தப் ‘ப்’பை விழுங்கிவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். என் ஓட்டு ஓட்டடுக்குக்குத்தான். கலப்பற்றுக் கட்டுரை தனியே வருகிறது.